புயல் கூண்டு ஏற்றிய கடற்படைத் தளபதி

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கடற்கரை ஊர்களில் எல்லோரும் எதிர்பார்க்கும் செய்தி ஒன்று உண்டு. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பதுதான் அந்தச் செய்தி.

கூண்டு ஏறிவிட்டால் மீனவர்கள் படகுகளை மேட்டில் இழுத்து வைப்பார்கள். வலைகளைச் சுருட்டுவார்கள். கடலுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லையே என்று பெண்கள் கரையில் நின்று காத்திருப்பார்கள்.

பகலில் கம்பத்தின் உச்சியில் கூம்பும் உருளையும் தொங்கும். இரவில் விளக்குகள் எரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்துப் புயல் வருவதைத் தெரிந்து கொள்ளலாம்.

புயல் வரும் முன்பே இப்படிக் கம்பத்தில் அடையாளம் காட்டி எச்சரிக்கும் முறையை இங்கிலாந்தில் ஏற்படுத்தியவர் ஒரு கடற்படைத் தளபதி. பிறர் உயிரைக் காக்க அல்லும் பகலும் பாடுபட்டார். ஆனால் தம் உயிரைக் காத்துக் கொள்ள அவரால் முடியவில்லை.

அவர் பெயர் ராபர்ட் பிட்ஸ்ராய்.

அரச பரம்பரை

பிட்ஸ்ராய் 1805-ம் ஆண்டு ஜூலை மாதம் 5-ந் தேதி, இங்கிலாந்தில் சபோக் என்ற பகுதியில் பிறந்தார். அவருடைய குடும்பம் இரண்டாம் சார்லஸ் மன்னரின் வழி வந்த குடும்பம். தந்தை படைத் தளபதி. தாய்மாமன் இங்கிலாந்தின் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர்.

செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிட்ஸ்ராய்க்கு 5 வயது ஆனபோதே தாய் இறந்துவிட்டார்.

12-வது வயதில் அவரைப் போர்ட்ஸ்மவுத் நகரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கே கணிதமும் படித்தார். கயிறு கட்டவும் படித்தார். 1824-ம் ஆண்டில் அதிகாரி பதவிக்கான பரீட்சை நடந்தது. அதில் அவர் எல்லாப் பாடங்களிலும் முழு மார்க்கு வாங்கினார். அதற்கு முன் அந்தப் பரீட்சையில் யாரும் முழு மார்க்கு வாங்கியது இல்லை.

கப்பல் ஓட்டும் தொழிலை முறைப்படி படித்துத்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் அப்போதே வேரூன்றியது. கடைசி வரை அது மாறவில்லை.

23 வயதில் கேப்டன்

அந்தக் காலத்தில் தென் அமெரிக்காவின் கடற்கரையை அளந்து படம் வரைய இங்கிலாந்து அரசு கப்பல்களை அனுப்பியது. அவற்றில் ஒன்று பீகிள். சிறிய பாய்மரக் கப்பல்.

தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் ஓயாத மழை, குளிர், புயல். ஊரும் இல்லை, உறவும் இல்லை. அந்தத் தனிமையைத் தாங்க முடியாமல் பீகிள் கப்பலின் கேப்டன் 1828-ம் ஆண்டில் தற்கொலை செய்து கொண்டார்.

அவருடைய இடத்துக்கு பிட்ஸ்ராய் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23.

இரண்டு மாலுமிகள் பலி

பொறுப்பு ஏற்று இரண்டு மாதங்கள்கூட முடியவில்லை. 1829-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் பிளேட் நதியின் முகத்துவாரத்துக்கு அருகே கப்பல் போய்க் கொண்டிருந்தது.

கப்பலில் பாரமானி இருந்தது. பாரமானி என்பது காற்றின் கனத்தை அளக்கும் கருவி. ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிற்கும். வெளியே இருக்கும் காற்று அமுக்குவதால் அது குழாயில் சுமார் 30 அங்குல உயரத்துக்கு ஏறி நிற்கும். காற்றின் அமுக்கம் குறைந்தால் பாதரசம் இறங்கும். அது மளமளவென்று இறங்கினால் புயல் நெருங்குகிறது என்று பொருள்.

அன்று பாதரசம் இறங்கியது. வானத்தின் நிறமும் மாறியது. பிட்ஸ்ராய் அதைக் கண்டார். ஆனால் உடனே பாய்களை இறக்கச் சொல்லவில்லை. சற்றுத் தாமதித்து விட்டார்.

திடீரென்று சூறைக்காற்று பாய்ந்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய்மரங்களின் மேல் பகுதிகள் முறிந்து விழுந்தன. மரத்தின் மேல் வேலை செய்து கொண்டிருந்த இரண்டு மாலுமிகள் கடலில் விழுந்து மாண்டார்கள்.

கப்பல் தப்பியது. ஆனால் பிட்ஸ்ராயின் மனம் ஆறவில்லை. கருவி காட்டிக் கொடுத்தும், தாம் காலத்தில் செயல்படாததால் இரண்டு உயிர்கள் போயின என்று அவர் தம்மையே நொந்து கொண்டார். இனிமேல் பாரமானியின் சொல்லைத் தட்டுவதில்லை என்று உறுதி கொண்டார்.

பிற்காலத்தில் அவர் செய்த அரும்பெரும் காரியங்களுக்கு எல்லாம் இந்த ஒரு நாள்தான் வித்து.

டார்வினுடன் பயணம்

1831-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பீகிள் கப்பல் மீண்டும் புறப்பட்டது. இந்த முறை உலகத்தையே சுற்றி வரும் பயணம்.

நீண்ட பயணத்தில் பேச்சுத் துணைக்குப் படித்த இளைஞர் ஒருவர் வேண்டும் என்று பிட்ஸ்ராய் விரும்பினார். அப்படி வந்தவர்தான் சார்லஸ் டார்வின். உயிர்கள் எப்படித் தோன்றி மாறின என்று எழுதி உலகப் புகழ் பெற்ற அதே டார்வின்! அப்போது அவருக்கு வயது 22.

முதல் பயணத்தில் பிட்ஸ்ராய் தென் முனையில் வாழ்ந்த பழங்குடியினர் 4 பேரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். அவர்களில் ஒருவர் அம்மை நோயால் இறந்தார். மற்ற மூவரையும் இந்தப் பயணத்தில் சொந்த மண்ணில் கொண்டு போய் விட்டார். பிறந்த மண்ணிலிருந்து அவர்களைப் பெயர்த்துக் கொண்டு போனது தவறு என்று பின்னால் பலர் குறை கூறினார்கள்.

பீகிள் கப்பலில் நேரம் காட்டும் கருவிகள் மட்டும் 22 இருந்தன. இடி விழுந்தாலும் கப்பல் எரியாமல் இருக்க இடிதாங்கிகள் பொருத்தப்பட்டன. காற்றின் வேகத்தை எண்களால் குறிக்கும் முறையை அதிகாரி பியூபோர்ட் வகுத்திருந்தார். அந்த முறையை இந்தப் பயணத்தில் பிட்ஸ்ராய் நாள் தவறாமல் பின்பற்றினார்.

1833-ம் ஆண்டு ஜனவரியில் கேப் ஹார்ன் முனைக்கு அருகே மலை போன்ற மூன்று அலைகள் அடுத்தடுத்து கப்பலைத் தாக்கின. ஒரு படகு போயிற்று. கப்பல் பிழைத்தது.

கடல் பின்வாங்கியது

1835-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி தென் அமெரிக்காவில் சிலி நாட்டை ஒரு பெரும் பூகம்பம் உலுக்கியது. கன்செப்சியான் நகரம் சில வினாடிகளில் இடிந்து மண்மேடு ஆயிற்று. சில நாட்களுக்குப் பின் பிட்ஸ்ராயும் டார்வினும் அங்கே போய்ப் பார்த்தார்கள்.

அருகில் இருந்த தல்காவானோ துறைமுகத்தில் நடந்ததை மக்கள் சொல்லக் கேட்டு பிட்ஸ்ராய் எழுதி வைத்தார். பூகம்பம் வந்து சுமார் அரை மணி நேரத்தில் கடல் பின்வாங்கியது. நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் தரை தட்டி நின்றன. பிறகு பேரலை வந்தது. மூன்று முறை வந்தது. ஊர் அழிந்தது.

ஆனால் ஊர் மக்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். காரணம் என்ன? கடல் பின்வாங்கினால் பேரலை வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பொருளை விட்டுவிட்டு மலைமேல் ஓடினார்கள்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நம் கடற்கரையிலும் சில இடங்களில் இப்படிக் கடல் பின்வாங்கியது. அதன் பொருள் தெரியாமல் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. அந்தச் சுனாமி கொண்டு போன உயிர்களை நாடு மறக்கவில்லை. ஆபத்து தன் வரவை முன்கூட்டியே காட்டினாலும், அதைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

பூகம்பத்தால் அங்கே ஒரு தீவின் தரையே பல அடி உயர்ந்து விட்டதை பிட்ஸ்ராய் அளந்து கண்டார். பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள் தண்ணீருக்கு மேலே நின்று செத்துக் கிடந்தன.

1836-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பீகிள் இங்கிலாந்து திரும்பியது. பிட்ஸ்ராய் வரைந்த கடற்கரைப் படங்களை மாலுமிகள் நீண்ட காலம் கையில் வைத்திருந்தார்கள். புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

ஆனால் அளக்கும் வேலைக்கு உதவியாக அவர் தம் சொந்தப் பணத்தில் வேறு ஒரு கப்பலை வாங்கியிருந்தார். அந்தப் பணத்தைக் கொடுக்க அரசு மறுத்துவிட்டது. நாட்டுக்காகச் சொந்தப் பணத்தைச் செலவு செய்யும் வழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

கேப்டனுக்கும் பரீட்சை

1841-ம் ஆண்டில் பிட்ஸ்ராய் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்து எடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் வியாபாரக் கப்பலை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். முதலாளிக்குப் பிடித்தவராக இருந்தால் போதும். படிப்பும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். திசை அறியாதவரும் குடிகாரரும் கேப்டன் ஆனார்கள். கப்பல்கள் பாறையில் மோதின. உயிர்கள் போயின.

கப்பலை ஓட்டுபவர் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று 1842-ம் ஆண்டில் பிட்ஸ்ராய் ஒரு மசோதா கொண்டு வந்தார். அப்போது அது நிறைவேறவில்லை. எனினும் அவர் போட்ட விதை வீண் போகவில்லை. 1850-ம் ஆண்டில் வந்த சட்டம் அந்தப் பரீட்சையைக் கட்டாயம் ஆக்கியது.

இடையில் 1843-ம் ஆண்டில் அவர் நியூசிலாந்துக்குக் கவர்னராகப் போனார். அங்கே வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கும் மவோரி மக்களுக்கும் நிலத் தகராறு. மவோரிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்று கவர்னர் கருதினார். குடியேறிகள் சீறினார்கள். கஜானாவும் காலி. 1845-ம் ஆண்டில் அரசு அவரைத் திரும்ப அழைத்துக் கொண்டது.

1852-ம் ஆண்டில் மனைவி இறந்தார். சில ஆண்டுகளில் மூத்த மகளும் இறந்தாள். துன்பம் துன்பமாக வந்தது.

சபையில் சிரிப்பு

1854-ம் ஆண்டில் இங்கிலாந்து அரசு வர்த்தக இலாகாவின் கீழ் ஒரு சிறிய வானிலைப் பிரிவை ஏற்படுத்தியது. பிட்ஸ்ராய் அதன் தலைவர். அவருக்குக் கீழே 3 ஊழியர்கள். பல கப்பல்களிலிருந்து வரும் காற்று, மழைக் கணக்குகளைத் தொகுப்பதுதான் வேலை. மழை வருமா, புயல் வருமா என்று சொல்வது அவர்கள் வேலை அல்ல.

அதே ஆண்டில் பாராளுமன்றத்தில் ஒரு விஷயம் பேசப்பட்டது. லண்டனில் மறுநாள் என்ன வானிலை இருக்கும் என்பதை 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிந்து கொள்ளும் காலம் வரலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். சபையே விழுந்து விழுந்து சிரித்தது!

பிட்ஸ்ராய் சிரிக்கவில்லை. இறங்கிய பாதரசமும், கடலில் விழுந்த இரண்டு மாலுமிகளும் அவர் நினைவை விட்டு அகலவில்லை.

மீன்பிடி ஊர்களில் பாரமானி

மீனவர்கள் ஏழைகள். விலை உயர்ந்த பாரமானியை அவர்களால் வாங்க முடியாது. ஆகவே எளிய, உறுதியான பாரமானிகளைச் செய்யச் சொன்னார் பிட்ஸ்ராய். மீன்பிடி ஊர்களில், எல்லோரும் வந்து பார்க்கும்படியான இடத்தில் அவற்றை வைத்தார்.

கருவி மட்டும் இருந்தால் போதுமா? அதைப் பார்க்கத் தெரிய வேண்டாமா? அதற்காக எளிய நடையில் ஒரு கையேடு எழுதினார்.

ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று குறித்து வைக்க வேண்டும். பாதரசம் ஏறுகிறதா, இறங்குகிறதா, மெதுவாகவா, வேகமாகவா என்று கவனிக்க வேண்டும். காற்றின் திசையையும், வானத்தையும், ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவைதான் அவர் கற்றுக் கொடுத்த பாடம்.

படிக்காத மீனவரும் இந்தப் பாடத்தைக் கற்றுக் கொண்டார்கள்.

தங்கத்துடன் மூழ்கிய கப்பல்

1859-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஆஸ்திரேலியாவிலிருந்து ராயல் சார்ட்டர் என்ற பெரிய கப்பல் வந்து கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கங்களில் பாடுபட்டுப் பொருள் சேர்த்தவர்கள் குடும்பத்துடன் ஊர் திரும்பினார்கள். இரண்டு மாதப் பயணம் முடியும் தறுவாய். லிவர்பூல் துறைமுகம் இன்னும் ஒரு நாள் தூரம்கூட இல்லை.

அப்போதுதான் புயல் அடித்தது. நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. அக்டோபர் 26-ந் தேதி விடியற்காலையில் வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சீ தீவின் பாறைகளில் கப்பல் மோதிப் பிளந்தது.

ஒரு மாலுமி உயிரைத் துச்சமாக எண்ணி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கொண்டு அலையில் நீந்திக் கரை சேர்ந்தார். அவர் மால்டா தீவைச் சேர்ந்தவர். அந்தக் கயிற்றின் உதவியால் சிலர் பிழைத்தார்கள். ஆனால் சுமார் 450 பேர் மாண்டார்கள். பெண்களில், குழந்தைகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கரை அவ்வளவு அருகில் இருந்தது!

அந்தப் புயலில் மற்ற இடங்களிலும் பல கப்பல்கள் மூழ்கின. நாடே துக்கத்தில் ஆழ்ந்தது.

தந்தி ஓடியது, புயல் நடந்தது

பிட்ஸ்ராய் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அந்தப் புயல் எந்த ஊரில் எத்தனை மணிக்கு அடித்தது, அப்போது பாரமானி எவ்வளவு காட்டியது என்று பல இடங்களிலிருந்து கணக்கு வரவழைத்தார். அவற்றைத் தேசப் படத்தில் மணிவாரியாகக் குறித்தார்.

படம் உண்மையைப் பேசியது. புயல் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. தெற்கே தோன்றி, ஊர் ஊராக வடக்கே நகர்ந்து சென்றது. அது ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகப் பல மணி நேரம் பிடித்தது.

தந்திக்கோ ஒரு சில நிமிஷம் போதும். தெற்கே புயல் அடிக்கும்போதே வடக்கே தந்தி கொடுத்தால் கப்பல்கள் துறைமுகத்தில் தங்கிவிடலாமே! இவ்வளவு எளிய காரியம் இதுவரை ஏன் நடக்கவில்லை என்று பிட்ஸ்ராய் மேலிடத்துக்கு எடுத்துச் சொன்னார். அரசு சம்மதித்தது.

ஹாலந்து நாட்டில் பய்ஸ் பலாட் என்ற விஞ்ஞானி 1860-ம் ஆண்டிலேயே புயல் எச்சரிக்கையைத் தொடங்கியிருந்தார். பிரான்சு நாட்டிலும் தந்தி மூலம் வானிலைக் கணக்குகள் சேர்க்கப்பட்டன. பிட்ஸ்ராய் இங்கிலாந்தில் தம் ஏற்பாட்டைத் தொடங்கினார்.

கடலோரத்தில் 15 தந்தி நிலையங்கள் தேர்ந்து எடுக்கப்பட்டன. அங்கே வேலை பார்த்த தந்திக்காரர்களுக்கு பாரமானியும், வெப்பமானியும், அவற்றைப் பார்த்துக் குறிக்கும் முறைகளும் கொடுக்கப்பட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே முறையில் அளக்க வேண்டும். ஒருவர் தவறாகக் குறித்தாலும் லண்டனில் படம் தவறாகிவிடும்.

தினமும் காலை 8 மணிக்கு அளவு எடுப்பார்கள். 10 மணிக்குள் தந்திகள் லண்டன் வந்து சேரும். பிட்ஸ்ராய் அவற்றைத் திருத்தி, ஒப்பிட்டு, 11 மணிக்குள் தம் கணிப்பை எழுதி அனுப்பிவிடுவார்.

கூம்பும் உருளையும்

ஆபத்து என்று தெரிந்தால் துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். உடனே கம்பத்தில் அடையாளம் ஏறும்.

கறுப்பு வர்ணம் பூசிய கித்தானால் செய்த கூம்பும் உருளையுமே அந்த அடையாளங்கள். கூம்பின் முனை மேலே இருந்தால் வடக்கிலிருந்து புயல் காற்று வரும். முனை கீழே இருந்தால் தெற்கிலிருந்து வரும். உருளை ஏறினால் காற்று பல திசைகளிலிருந்தும் மாறி மாறி அடிக்கும். கூம்பும் உருளையும் சேர்ந்து ஏறினால் கடும் ஆபத்து. இரவில் இதே உருவங்களை விளக்குகளால் காட்டினார்கள்.

1861-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி பிட்ஸ்ராயின் முதல் புயல் எச்சரிக்கை புறப்பட்டது.

அதே வாரத்தில், 9-ந் தேதி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கோரப் புயல் அடித்தது. விட்பி என்ற ஊரில் உயிர்காக்கும் படகு அன்று மீண்டும் மீண்டும் கடலில் இறங்கிப் பல கப்பல்களின் மாலுமிகளை மீட்டது. கடைசியில் அந்தப் படகே கவிழ்ந்தது. அதில் இருந்த 13 பேரில் 12 பேர் மாண்டார்கள். தக்கையால் செய்த புது மாதிரி மிதவைச் சட்டை அணிந்திருந்த ஒருவர் மட்டும் பிழைத்தார்.

எச்சரிக்கையின் அருமையை அந்த வாரம் கடற்கரை மக்களுக்கு உணர்த்தியது. கம்பம் நாட்டிய துறைமுகங்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் பெருகியது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான முதல் வானிலைக் கணிப்பு வெளிவந்தது. அன்று தொடங்கிய வழக்கம்தான் உலகம் முழுவதும் பத்திரிகைகளிலும் வானொலியிலும் பரவியது.

கடலைக் கடந்து தம் தீவு மாளிகைக்குப் போக வேண்டிய நாட்களில் விக்டோரியா ராணியும் பிட்ஸ்ராயின் வீட்டுக்கு ஆள் அனுப்பி வானிலை கேட்பது உண்டு!

ஜோசியம் அல்ல

பிட்ஸ்ராய் ஒன்றை அடிக்கடி வற்புறுத்தினார். இது ஜோசியம் அல்ல. குறி சொல்வதும் அல்ல. கணக்கிட்டுப் பார்த்து, இப்படி நடக்கலாம் என்று சொல்லும் கருத்துதான். அதற்காகவே அவர் கணிப்பு என்ற பொருள் தரும் சொல்லைத் தேர்ந்து எடுத்தார். எச்சரிக்கை என்றால் ஜாக்கிரதையாக இரு என்று பொருளே தவிர, கட்டளை அல்ல என்றும் விளக்கினார்.

யார் கேட்டார்கள்? நல்ல வெயில் என்று சொன்ன நாளில் மழை பெய்தால் பத்திரிகைகள் கேலி செய்தன. பத்து முறை பலித்தது யாருக்கும் நினைவு இல்லை. ஒரு முறை தவறினால் ஊரெல்லாம் சிரிப்பு.

கூண்டு ஏறினால் படகு கடலுக்குப் போகாது; படகு போகாவிட்டால் வருமானம் இல்லை. ஆகவே மீன்பிடி முதலாளிகள் சிலர் முணுமுணுத்தார்கள். தந்திச் செலவு அதிகம் என்று பாராளுமன்றத்தில் குறை சொன்னார்கள். காரணம் முழுவதும் தெரியாமல் வானிலை சொல்வது விஞ்ஞானம் ஆகாது என்று விஞ்ஞானிகள் சிலர் கண்டித்தார்கள்.

அந்தக் கண்டனத்தில் ஓரளவு உண்மை உண்டு. அன்று மேல்வானத்தை அளக்கும் கருவிகள் கிடையாது. அட்லாண்டிக் கடல் மேல் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. 15 நிலையங்களின் தந்திகளை வைத்துக் கொண்டு ஒரு மனிதர் ஒரு மணி நேரத்தில் நாடு முழுவதற்கும் கணித்தார். தவறு நேராமல் இருக்குமா?

ஆனால் மாலுமிகள் குறை சொல்லவில்லை. கருவி காட்டும்போது சும்மா இருப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை பிட்ஸ்ராயும் அறிவார். அவர் எல்லாக் கேலியையும் தாங்கிக் கொண்டு வேலை செய்தார். வானிலையைப் பற்றிப் பெரிய புத்தகமும் எழுதினார். 1863-ம் ஆண்டில் கடற்படையில் வைஸ் அட்மிரல் பதவி கிடைத்தது.

எனினும் மனம் நொந்திருந்தது. ஒரு காலத்தில் பீகிள் கப்பலில் தமக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரிக்கு, தாம் விரும்பிய பதவி போயிற்று. உடல் தளர்ந்தது. காது மந்தம் ஆயிற்று. சொத்து முழுவதும் கரைந்தது. இரவில் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை

1865-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. லண்டனுக்கு அருகே அப்பர் நார்வுட் என்ற இடத்தில் இருந்த தம் வீட்டில் பிட்ஸ்ராய் அதிகாலையில் எழுந்தார். பக்கத்து அறைக்குச் சென்றார். கதவைத் தாழிட்டுக் கொண்டார். தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டார்.

அப்போது அவருக்கு வயது 59.

கரை ஓரத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புயலைச் சொன்னவர் அவர். அவர் மனதில் எழுந்த புயலை உரிய காலத்தில் கண்டு சொல்ல யாரும் இல்லை.

அரச வழியில் வந்த அவர் குடும்பத்துக்குக் கடன்தான் மிஞ்சியது. நண்பர்கள் நிதி திரட்டினார்கள். கருத்து வேற்றுமையால் விலகியிருந்த டார்வினும் பணம் கொடுத்தார். விதவை மனைவி தங்குவதற்கு ராணி அரண்மனைக் கட்டடம் ஒன்றில் இடம் அளித்தார்.

கூண்டு இறங்கியது, மீண்டும் ஏறியது

அவர் இறந்த பின் ஒரு குழு விசாரணை நடத்தியது. அதன் முடிவாக 1866-ம் ஆண்டு டிசம்பரில் புயல் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. கம்பங்கள் வெறுமையாக நின்றன.

அப்போதுதான் கடற்கரை விழித்துக் கொண்டது. மாலுமிகளும் துறைமுகத்தாரும் எச்சரிக்கை மீண்டும் வேண்டும் என்று முறையிட்டார்கள். அரசு பணிந்தது. 1867-ம் ஆண்டிலேயே புயல் எச்சரிக்கைகள் மறுபடி தொடங்கின. பொதுமக்களுக்கான கணிப்பு 1879-ம் ஆண்டில் திரும்பி வந்தது.

எச்சரிக்கை இருந்தால் மட்டும் எல்லாம் ஆகிவிடுமா? 1881-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி ஸ்காட்லாந்தில் ஐமவுத் என்ற மீன்பிடி ஊரில் பாரமானி மிகவும் இறங்கியிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் பல நாள் புயலால் வேலை இல்லை; வீட்டில் பணம் இல்லை. வானமும் வெளுத்திருந்தது. கடலுக்குப் போனார்கள். நண்பகலில் புயல் பாய்ந்தது. அந்தக் கரையில் 189 மீனவர்கள் மாண்டார்கள். ஐமவுத் ஊரில் மட்டும் 129 பேர்.

எச்சரிக்கையைச் சொல்வது ஒரு பாதி வேலை. அதைக் கேட்டு வீட்டில் இருப்பவர் அன்று பட்டினி கிடக்காமல் பார்த்துக் கொள்வது மறு பாதி.

நம் நாட்டில்

1864-ம் ஆண்டில் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டிலேயே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு வந்தது. பிட்ஸ்ராய் இறந்த ஆண்டும் அதுவே. 1875-ம் ஆண்டில் இந்திய வானிலை இலாகா பிறந்தது.

இன்று வானத்தில் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. ராடார் கருவிகள் மழையைத் தேடிப் பிடிக்கின்றன. வானிலை அதிகாரிகளுக்கு முறைப்படி பயிற்சி அளிக்கப் புனே நகரில் நிலையம் இருக்கிறது. சுனாமி எச்சரிக்கைக்காக 2007-ம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் ஒரு நிலையம் வேலை செய்கிறது.

இங்கிலாந்து வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிவிப்பில் ஒவ்வொரு கடல் பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. 2002-ம் ஆண்டில் அந்தப் பகுதிகளில் ஒன்றுக்கு பிட்ஸ்ராய் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாள் சிரித்த நாடு, இன்று நாள்தோறும் அவர் பெயரைச் சொல்லிக் கடலுக்குப் போகிறது.

கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் பிட்ஸ்ராய் கற்றுக் கொடுத்த பாடம் மாறவில்லை. அளப்பவர் ஒழுங்காக அளக்க வேண்டும். அறிந்தவர் அஞ்சாமல் சொல்ல வேண்டும். கேட்பவர் காலத்தில் கேட்க வேண்டும்.

சொன்ன புயல் ஒரு நாள் வராமல் திசை மாறிப் போகலாம். அன்று கூண்டைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கரைக்கு வந்து சேர்ந்த படகை எண்ணிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கலாம்.